இரும்புச் சத்தம்: பர்மிங்ஹாம் முதல் ஓசூர் வரை

இந்த முறை கொஞ்சம் சத்தமான விஷயம். காதைப் பொத்திக்கொள்கிறவர்கள் இப்போதே பொத்திக்கொள்ளலாம் :-)

2025 ஜூலை 22 அன்று ஆஸி ஆஸ்போர்ன் இறந்துபோனார். வயது 76. பிளாக் சபாத் என்கிற குழுவின் பாடகர். பர்மிங்ஹாமில் பிறந்த இந்த வெள்ளைக்காரருக்கும் நம்ம ஓசூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் என் வாட்ஸ்அப்பில் ஆஸியின் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தவர்கள் என் வகுப்புத் தோழர்கள் இல்லை. நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர்கள். டூல் ரூமில் வேலை பார்ப்பவர், லேத் பட்டறை வைத்திருப்பவர், ஒரு பஸ் கண்டக்டர், அப்புறம் என் தாய்மாமா.

ராக், மெட்டல் என்றாலே "அது பெங்களூர் இங்கிலீஷ் மீடியம் பசங்க சமாச்சாரம்" என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். நீளமான முடி, கறுப்பு டி-ஷர்ட், அப்பா காசு. அந்த நினைப்பு எவ்வளவு சரி என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முதலில் ஒரு விபத்து.

விரல் போன கதை

1965. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். கார், பஸ், நட்டு போல்ட்டு என்று எல்லாவற்றையும் செய்து தள்ளிய ஊர். அங்கே ஒரு தகரப் பட்டறையில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் வேலை பார்த்தான். கிட்டார் வாசிப்பான். ஒரு இசைக்குழுவோடு வெளியூர் போக வாய்ப்பு வந்ததால் வேலையை விட்டுவிட்டான். கடைசி நாள் வேலைக்கு வந்தபோது, பழக்கமில்லாத ஒரு மெஷினில் நிற்கவைத்தார்கள். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன.

அயோமி இடது கைக்காரன். அதாவது கிட்டாரின் தந்திகளை அழுத்துகிற கை வலது கை. அந்தக் கையில்தான் விரல் போனது. ஆஸ்பத்திரியில் இனி வாசிக்க முடியாது என்றார்கள். அப்போது பட்டறையின் மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் உலகப் புகழ் பெற்ற ஜாஸ் கிட்டார் கலைஞர்.

அதற்குப் பிறகு அயோமி செய்தது சரியான பட்டறை வேலை. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனிக்கு உறை செய்து, அதன் மேல் தோல் ஒட்டிக்கொண்டார். வலிக்காமல் இருக்க மெல்லிய தந்திகளைப் போட்டார். பிற்பாடு தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். தந்தி தளர்ந்தால் சுருதி கீழே இறங்கும், சத்தம் கனமாகும். 1971ல் வந்த பிளாக் சபாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் அந்தக் கனத்தை நன்றாகக் கேட்கலாம். இன்று மெட்டல் என்று சொல்கிற அந்த இருட்டான, பாரமான ஒலிக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை விபத்தும் இருக்கிறது!

அந்தக் குழுவில் ஆஸியும் ஆலைக்காரர்தான். பிளம்பர் எடுபிடி, மாடு வெட்டும் கூடம் என்று பல வேலை பார்த்தவர். அதில் ஒன்று லூகாஸ் தொழிற்சாலையில் கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலை. அவருடைய அம்மாவும் லூகாஸில் வேலை பார்த்தவர். லூகாஸ் என்ற பெயரை எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? 1961ல் அதே லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ் குழுமமும் சேர்ந்து தொடங்கியதுதான் சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டி.வி.எஸ். பர்மிங்ஹாமுக்கும் நமக்கும் உள்ள தூரம் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

1980 என்கிற வருடம்

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

சிப்காட் 1971ல் தொடங்கப்பட்டது. அதே பத்தாண்டுக்குள் ஓசூரில் தொழிற்பேட்டை வந்தது. அதற்கு முன் ஓசூர் என்றால் ராகி, காய்கறி, குதிரைப் பண்ணை, கொஞ்சம் குளிர். பெங்களூர் 40 கிலோமீட்டர். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் ஒரே டீக்கடையில் கேட்கும். இன்றும் அப்படித்தான்.

1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ் 50 மொபெட் வெளியே வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். அதே 1980ல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை தொடங்கியது. லேலண்ட் என்பதும் இங்கிலாந்துப் பெயர்தான். அந்த நாட்டின் லங்காஷயரில் இருக்கும் ஒரு ஊரின் பெயர். அப்புறம் 1984ல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் இங்கே வாட்ச் செய்ய வந்தது.

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 1980 ஏப்ரலில் ஜூடாஸ் பிரீஸ்ட் குழு 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் கிளென் டிப்டன் உண்மையிலேயே பிரிட்டிஷ் ஸ்டீல் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர். பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் இரும்பு உருக்கும் ஆலைகளின் புகைக்கு நடுவே வளர்ந்தவர். அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டில் இயந்திர மனிதர்கள் நடக்கும் சத்தம் வேண்டும் என்று, கரண்டி முள்கரண்டி அடுக்கிய தட்டைக் குலுக்கிப் பதிவு செய்தார்கள். அதே ஏப்ரலில் அயர்ன் மெய்டனின் முதல் ஆல்பமும் வந்தது.

ஆக, அங்கே இரும்பு ஆலைகள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்த காலத்தில் அந்த ஆலைகளின் சத்தம் இசையாகிவிட்டது. இங்கே அதே நேரத்தில் ஆலைகள் திறக்கின்றன. அந்த இசை இங்கே வந்து சேர இன்னும் பத்து வருடம் ஆனது.

எப்படி வந்தது?

பெங்களூரில் ராக் கேட்கும் வழக்கம் ரொம்பப் பழையது. கண்டோன்மென்ட், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், மிஷன் கல்லூரிகள் எல்லாம் காரணம். 1970, 71ல் ஒரு சிகரெட் பிராண்ட் நடத்திய 'சிம்லா பீட்' போட்டியில் பல ஊர்க் குழுக்கள் வாசித்து, அவை இசைத்தட்டாகவும் வெளிவந்தன. ஆனால் அது சின்ன வட்டம். வெளிநாட்டு இசைத்தட்டு வாங்க வேண்டும் என்றால் கப்பலிலோ விமானத்திலோ வேலை பார்க்கும் உறவினர் வேண்டும்!

அந்த வட்டத்தை உடைத்தது கேசட். கேசட்டுக்கு இசைத்தட்டு மாதிரி பெரிய ஆலை வேண்டாம். இரண்டு கேசட் போடும் ஒரு டெக், ஒரு காலி கேசட் இருந்தால் போதும். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். பெரும்பாலான ஆல்பம் நாற்பது நிமிடம்தான் என்பதால், மிச்சத்தில் வேறு ஏதாவது பாட்டை நிரப்பிக் கொடுப்பார்கள். இளையராஜா பாடல்களை ஊர் ஊராகக் கொண்டுபோன அதே கேசட் கடைதான் மெட்டலையும் கொண்டுபோனது.

அடுத்த அடி 1991. ஒரே வருடம், எத்தனை விஷயம் பாருங்கள். ஜூலையில் பொருளாதாரத் தாராளமயம். அதே ஆண்டு ஸ்டார் டி.வி. செயற்கைக்கோள் வழியாக வந்தது, அதோடு எம்.டி.வி.யும் வந்தது. ஆகஸ்டில் மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை ஆல்பம். செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்'. 1993ல் அலகாபாத்திலிருந்து அமித் சைகல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இந்திய ராக் குழுக்களைப் பற்றி எழுத ஒரு பத்திரிகை! பம்பாயின் ராக் மெஷின், கேரளத்தின் 13ஏடி மாதிரிக் குழுக்கள் அதற்கு முன்பே சொந்தப் பாட்டு போட ஆரம்பித்திருந்தன. 1998ல் பெங்களூரில் கிரிப்டோஸ் தொடங்கியது. அந்தக் குழு 2013ல் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடை வரை போனது.

மாமாவின் டப்பா

இங்கே என் மாமாவைக் கொஞ்சம் கூப்பிட்டுக்கொள்கிறேன். அவர் ஐ.டி.ஐ. ஃபிட்டர். தமிழ் மீடியம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். நாலு பேர் ஒரு ரூம். அதில் ஒருத்தர் பெங்களூர்க்காரர், அவரிடம் ஒரு டேப் ரெக்கார்டர். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கேசட் வாங்கி வருவார்கள்.

"மாமா, வார்த்தையே புரியாம எப்படிக் கேட்டீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வார்த்தை எதுக்குடா? எங்க பிரஸ் ஷாப்ல எட்டு மணி நேரம் டமார் டமார்னு கேட்டுட்டு வருவோம். ரூமுக்கு வந்து இந்தக் கேசட்டப் போட்டா, அதே சத்தம்தான். ஆனா இது நாங்க வேணும்னு கேக்குற சத்தம். வேணாம்னா நிறுத்திக்கலாம். மெஷின நிறுத்த முடியுமா?"

நான் படித்த எந்த இசை விமர்சனத்திலும் இப்படி ஒரு விளக்கம் இல்லை. பர்மிங்ஹாம் குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் கடைசியில் இதுதான்.

ஆஸி இறந்த வாரம் அவர் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். உள்ளே இருபதுக்கும் மேல் கேசட். சிலதில் பூஞ்சை பிடித்திருந்தது. சிலதில் டேப் ஒட்டிக்கொண்டு சுற்றவே இல்லை. ஓடுகிற ரெக்கார்டரும் வீட்டில் இல்லை. அதனால் அட்டையில் அவரே பேனாவால் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்துப் பார்த்து நான் போனில் தேடிப் போட்டேன். ("மேட்டாலிக்கா" என்று எழுதியிருந்தார்!)

அதில் ஒரு வேடிக்கை. மெட்டாலிகாவின் 1988 ஆல்பம், 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. அந்தக் கேசட்டில் பேஸ் கிட்டார் கேட்கவே கேட்காதாம். காப்பி போட்டுக் கொடுத்த கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முப்பது வருடமாக அவருக்குக் கோபம். இப்போது நல்ல ஹெட்போனில் போட்டால்... அப்போதும் பேஸ் இல்லை! ஏனென்றால் அந்த ஆல்பம் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் கிட்டாரை மிக்ஸிங்கில் ஏறக்குறைய காணாமல் அடித்துவிட்டார்கள். ராக் ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடும் விஷயம் அது. பாவம், அந்தக் கடைக்காரர் நிரபராதி.

மற்ற பாட்டுகளில் நேர்மாறாக நடந்தது. காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட்டில் ஒவ்வொரு தடவையும் மேல் சுருதிகள் கொஞ்சம் தேயும், இரைச்சல் கூடும். அதனால் சிம்பல்ஸ் ஒலி, கிட்டார் விரல் வழுக்கும் சத்தம் எல்லாம் அவர் முதன்முறையாக இப்போதுதான் கேட்கிறார். "இது பழைய பாட்டு இல்லடா, புதுசு" என்றார்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

2007 மார்ச் 17. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். அயர்ன் மெய்டன் முதன்முறையாக இந்தியாவில் வாசித்த நாள். அதற்கு முன் ரோலிங் ஸ்டோன்ஸ் 2003ல் பெங்களூர் வந்திருக்கிறார்கள், டீப் பர்ப்பிள் வந்திருக்கிறார்கள். ஆனால் புகழின் உச்சியில் இருந்த ஒரு மெட்டல் குழு முழு மேடையோடு இங்கே வந்தது அதுதான் முதல் முறை என்பார்கள். பல பத்தாயிரம் பேர் கூடினார்கள். முன்னால் வாசித்த டெல்லியின் பரிக்ரமா குழு, அதே வருடம் இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவிலும் வாசித்தது. அப்புறம் 2008ல் மெகாடெத், 2009ல் மீண்டும் மெய்டன். அதே 2009ல் ஸ்வீடனின் ஓபெத் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில். 2011 அக்டோபர் 30ல் மெட்டாலிகா. (இரண்டு நாள் முன்பு குர்கானில் நடக்க வேண்டியது கூட்டக் குழப்பத்தில் ரத்தாகிவிட்டது. பெங்களூரில் நடந்தது.) 2012ல் ஸ்லேயர், கன்ஸ் அண்ட் ரோஸஸ்.

இந்தக் கூட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதெல்லாம் ஐ.டி. இளைஞர்களைப் பற்றித்தான். அவர்கள் இருந்தார்கள், உண்மை. ஆனால் ஏ ஷிப்ட் முடித்துவிட்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்துப் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மாமாவும் அவருடைய ரூம் நண்பர்கள் இரண்டு பேரும் 2007ல் போனார்கள். திரும்பி வர பஸ் இல்லை. அத்திப்பள்ளி வரை லாரி, அங்கிருந்து நடை. காலை ஷிப்டுக்கு நேராகப் போய் நின்றார்களாம். எந்தச் செய்தியிலும் இவர்கள் இல்லை.

ஏன் திரும்பக் கேட்கிறோம்?

மனித நினைவை ஆராய்கிறவர்கள் ஒன்றைச் சொல்கிறார்கள். நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நன்றாக நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால், சுமார் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையே நடந்தவையே அதிகமாக வருகின்றன. இசையிலும் அப்படித்தான். முதல் சம்பளம், முதல் ரூம், முதல் நட்பு, எல்லாம் அந்த வயதில்தான். அப்போது பின்னணியில் ஓடிய பாட்டு அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது.

அதனால் மாமா மெட்டாலிகா கேட்கும்போது மெட்டாலிகாவை மட்டும் கேட்கவில்லை. அந்த நாலு பேர் ரூமையும் கேட்கிறார். அதில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை. இது ராக்குக்கு மட்டும் உரிய விஷயமும் இல்லை. என் அப்பாவுக்கு டி.எம்.எஸ், பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு ராஜ்குமார் பாட்டு, இதே வேலையைச் செய்கின்றன.

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பே யூடியூப். இன்று எல்லாப் பாட்டும் எல்லோர் பையிலும் இருக்கிறது. பாட்டு தொலையவில்லை. தொலைவது வேறொன்று.

தொலைவது என்ன?

பர்மிங்ஹாம் தன் மெட்டல் வரலாற்றைப் பத்திரப்படுத்துகிறது. அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைக்கிறார்கள், நகரில் ஒரு பாலத்துக்கே பிளாக் சபாத் பெயர். 2025 ஜூலை 5 அன்று வில்லா பார்க் மைதானத்தில் பழைய நாலு பேரும் இருபது வருடம் கழித்து ஒன்றாக வாசித்தார்கள். ஆஸியால் நிற்க முடியவில்லை, சிம்மாசனத்தில் உட்கார்ந்தே பாடினார். அவர் சிறு வயதில் வாழ்ந்த வீடு அந்த மைதானத்துக்குப் பக்கத்தில்தான். பதினேழு நாள் கழித்து இறந்தார். ஆலைத் தொழிலாளியின் பாட்டு என்று அந்த ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

நம் பக்கம்? கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ல் உருவானது, ஓசூர் 2019ல் மாநகராட்சியானது. எத்தனை ஆலை, எவ்வளவு முதலீடு என்ற கணக்கு இருக்கிறது. அந்த ஆலைகளுக்கு வந்த பையன்கள் ராத்திரி என்ன கேட்டார்கள், எந்தக் கடையில் கேசட் வாங்கினார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. பிஸ்கட் டப்பாவும் பூஞ்சையும்தான் ஆவணம். அது போய்விட்டால், "ராக் பணக்காரப் பசங்க பாட்டு" என்ற பேச்சுதான் வரலாறாக நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமா சொல்லும் கதைகளில் ஒரு பெண்கூட இல்லை. அத்தையிடம் கேட்டேன். "கல்யாணம் ஆன புதுசுல அவர் போடுவாரு, நான் சமையல்கட்டுல இருந்து கேப்பேன். ரெண்டு மூணு பாட்டு எனக்கும் பிடிக்கும். என்ன யாரு கேட்டாங்க?" என்றார். நியாயம்தானே! இன்று ஓசூர் பக்கத்து மின்னணு ஆலைகளில் ஆயிரக்கணக்கில் இளம் பெண்கள் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறார்கள். பல மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். ஷிப்ட் முடிந்து திரும்பும் பஸ்ஸில் அவர்கள் காதில் என்ன ஓடுகிறதோ, அதுதான் இந்த ஊரின் அடுத்த இசை வரலாறு. அதையாவது நடக்கும்போதே யாராவது எழுதி வைக்கலாம்.

வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த லீவில் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இருபது வயதில் என்ன பாட்டு கேட்டீர்கள்? எதில் கேட்டீர்கள்? யாரோடு கேட்டீர்கள்? வருடம், ஊர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் நீளமாக வரும். பொறுமையாக உட்காருங்கள்.

கொசுறு: பழைய கேசட் கிடைத்தால் அவசரப்பட்டு ரெக்கார்டரில் போடாதீர்கள். பூஞ்சை பிடித்த டேப் ஓடினால் அறுந்துவிடும், ஹெட்டும் பாழாகும். முதலில் பென்சிலை நுழைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றாலும் தூக்கிப் போடாதீர்கள். அட்டையில் இருக்கும் கையெழுத்துக்காகவாவது வைத்துக்கொள்ளுங்கள்.